தோளுக்குப் பழகிய பிள்ளை

பிள்ளையின் அப்பாவுக்கு,

"உனக்கென்ன கல்லு மனசா?" என்று நேற்று போனில் கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் வைத்தும் விட்டீர்கள், அதனால் எழுதுகிறேன். இது உங்கள் அக்கா பற்றவைத்த வேலை என்று தெரியும். பிள்ளையை அழவிட்டுவிட்டு நான் கடையில் உட்கார்ந்திருக்கவில்லை. மரத்தொட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, கம்பிக்குள் கையை விட்டு அவன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

விடுமுறைக்கு வந்தீர்கள். தினமும் அவனைத் தோளில் போட்டுக் கூடத்தில் நடந்தே தூங்கவைத்தீர்கள். பிறகு கப்பல் வேலைக்குக் கிளம்பிவிட்டீர்கள். சாம்பிளை அள்ளிக் கொடுத்துப் பழக்கிவிட்டுச் சரக்கை நிறுத்துகிறவனை எங்கள் பாத்திரக்கடைத் தெருவில் யாரும் மதிக்கமாட்டார்கள். என் தோள் பகலெல்லாம் பாத்திர மூட்டை ஏற்றி இறக்கிய தோள். ராத்திரியும் சுமந்து நடக்க அதற்குத் தெம்பில்லை.

அவன் தானாகத் தூங்கப் பழகட்டும் என்று நாற்காலியை நாளுக்குக் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்த்தினேன். இன்று அவன் விழித்திருக்கும்போதே படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தேன். சிணுங்கினான், கம்பியை உதைத்தான், பிறகு விரலைச் சப்பிக்கொண்டே தூங்கிப்போனான். கதவிடுக்கில் எட்டிப் பார்த்த உங்கள் அக்காவே, "அட, தூங்கிட்டானே" என்றாள். அதைப் போனில் சொன்னாளா?

அடுத்த முறை வரும்போது பகலெல்லாம் அவனைத் தூக்கிக்கொள்ளுங்கள். ராத்திரி தொட்டிலில் விட்டுவிட்டு வாருங்கள். அந்தத் தோளில் சாய இந்த வீட்டில் வேறு ஆளும் இருக்கிறது.

இப்படிக்கு,
கல்லு மனசுக்காரி