மொட்டைமேட்டில் உன் கல்

அக்கா,

இன்று கரியாலூரில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிமலை பஸ் வந்தது. உள்ளே நனைந்த மரவள்ளி மூட்டைகளின் மண்வாசனை. "ஏறும்மா, நனைஞ்சிக்கினு நிக்கிறியே" என்றார் கண்டக்டர். நான் ஏறவில்லை. அன்றைக்கு நான் ஏறி வந்ததும் இந்த பஸ்தான்.

நம் ஊரிலிருந்து கரியாலூருக்கு நடந்தால் மொட்டைமேட்டைத் தாண்ட வேண்டும். ஒரு மரம் கிடையாது, வெறும் புல்லும் பனிமூட்டமும். உச்சியில் ஒரு பலகைப் பாறை. போகும்போது அதில் ஒரு கல்லை வைப்போம். திரும்பும்போது வைத்தவரே எடுக்க வேண்டும், அடுத்தவர் தொடக்கூடாது. கல் இருந்தால் ஆள் இன்னும் வரவில்லை, தேடிப் போக வேண்டும்.

அந்த வீட்டுக்கு நீ மூத்த மருமகள், நான் இளையவள். நமக்குள் ஒத்தே போகாது. குடத்துக்குச் சண்டை, கோழிக்குச் சண்டை. ஆனாலும் நான் மேட்டைத் தாண்டி வரும்போதெல்லாம் வாசலிலேயே கேட்பாய்: "இன்னாடி, கல்ல எடுத்தியா?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் என்ன சின்னப் பிள்ளையா என்று முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போவேன்.

அன்று திரும்பும்போது கரியாலூரில் மழைக்குப் பயந்து பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ் மேட்டுப் பக்கம் வராது, வெள்ளிமலை வழியாகச் சுற்றித்தான் வீட்டுக்கு வர வேண்டும். பாறையில் வைத்த கல் எனக்கு நினைவிலேயே இல்லை, பாவி. வெள்ளிமலையில் இறங்கி ஆற அமர டீ குடித்தேன், வளையல் பார்த்தேன். அந்த நேரத்தில் என்னைக் காணோமென்று மேடேறி வந்து, நீ பாறையில் என் கல்லைப் பார்த்திருக்கிறாய். பக்கத்தில் உன் கல்லை வைத்துவிட்டு, என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே பனிமூட்டத்துக்குள் இறங்கியிருக்கிறாய். ஆடு மேய்த்தவர்கள் உன் குரலைக் கேட்டார்களாம். மறுநாள் ஓடையிலிருந்துதான் உன்னைத் தூக்கினார்கள். அன்று காலையில் சண்டை போட்டு என்னோடு பேசாமல் இருந்தவள் நீ.

இப்போது எல்லாரும் பஸ்ஸிலும் ஜீப்பிலும் போகிறார்கள். நான் மட்டும்தான் நடக்கிறேன். அன்று நான் வைத்த கல்லைப் பையிலேயே வைத்திருக்கிறேன். போகும்போது அதையே பாறையில் வைக்கிறேன், வரும்போது எடுக்கிறேன். வீட்டு வாசலில் கேட்கத்தான் ஆளில்லை.

இன்றும் நனைந்தபடியே வந்து உன் கல்லின் முன்னால் நின்றேன். அதை எடுக்க எனக்கு உரிமையில்லை. அது அங்கே இருக்கும்வரை நீ என்னைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறாய்.

நான் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன், அக்கா.