உள்ளங்கைச் சீனி

26, வெள்ளி

தர்ஷிகா கண்ணு,

முதல் பஸ்ஸுல பதுளை கிளினிக்குக்குப் போறேன். இரத்தம் எடுக்கணும், அதனால வெறும் வயிறு. வல்லாரைக் கஞ்சி இன்னைக்கு நானே காய்ச்சி மூடி வச்சிருக்கேன். குடிச்சிட்டு ஸ்கூலுக்குப் போ. அம்மா கொழுந்து வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிருவா, சாவிய பக்கத்து வீட்டுக் காம்பராவுல குடு.

உன்னைய எழுப்பி மூஞ்சியப் பாக்கத் தைரியம் இல்ல.

நேத்து சீனி டின் காலியானதுக்கு அம்மா உன்னைய அடிச்சா. தின்னது நான்தான்மா. சீனி வியாதிக்குத் தேத்தண்ணியில சீனி போடக்கூடாதுன்னு நீ சொன்ன. நான் போடல. உள்ளங்கையில கொட்டி நக்கிக்கிட்டே வெறுந் தேத்தண்ணி குடிச்சேன். "சீனி போட்டீங்களாப்பா?"ன்னு நீ கேக்கிறப்பெல்லாம் "சத்தியமா போடலம்மா"ன்னேன். நீயும் கலண்டர்ல அந்தந்த நாளுக்குச் சரி போட்ட. மாசத் தொடக்கத்துல அத லயத்து வீட்டுக்காரங்க எல்லாருக்கும் காட்டிப் பெருமையடிச்சேன். நேத்து நீ அடி வாங்குறப்ப, வாயத் தொறக்காம சப்பாத்துத் தொடச்சுக்கிட்டு இருந்தேன்.

அம்மாகிட்ட எழும்பினதும் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அப்பா

கஞ்சிக்கு உப்புப் போட மறந்துட்டேன். போட்டுக்க.

இன்னொண்ணு. அந்தச் சரியெல்லாம் வெட்டிவிடலாம்னு இப்பத்தான் கலண்டருக்குக் கிட்டப் போனேன். பத்தாந் திகதிக்குப் பிறகு நீ ஒண்ணுமே போடல. அப்போ உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் நேத்து அடி வாங்கியிருக்க.