வெறுங்குலை யாருக்குச் சொந்தம்

அக்கா,

இன்று காலை ஈப்போ பேருந்து நிலையத்தருகே, எண்ணெய்க்காகப் பழம் உதிர்த்துவிட்ட செம்பனை வெறுங்குலை ஏற்றிய லாரி ஒன்று கடந்து போனது. மழையில் ஊறிப் புளித்த அந்த வாடை தாங்காமல் பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நான் மனத்துக்குள் உங்களோடு பேச ஆரம்பித்துவிட்டேன். நீங்கள் போனபின் இதுதான் முதல் முறை.

ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டதும் நம் தோட்டத்தில் பெண்களுக்கு வேலை குறைந்தது. ஆலையில் பழம் உதிர்த்த குலைகளை எரித்து, சாம்பலை மரங்களுக்குப் போட்டார்கள். மழைக்குப் பிறகு குலைக் குவியலில் தானாக முளைத்த காளானைப் பார்த்துவிட்டுத்தான் நீங்கள் தோட்டத்து ஆபீஸ் கணக்கரான கிராணியிடம் போய்க் கேட்டீர்கள்.

"குப்பைதானே, அள்ளிக்கிட்டுப் போங்கலா" என்றார் அவர்.

நம் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்குப் பின்னால் குலைகளை அடுக்கி, நனைத்து, மூடிவைத்தோம். மொட்டு விரிவதற்குள் பறித்துவிட வேண்டும். கோப்பெங் பசாருக்கு நீங்கள் சைக்கிளில் விற்கக் கொண்டுபோவீர்கள். லயத்தில் பல வீடுகளில் அடுப்பு அதை நம்பித்தான் எரிந்தது. நன்றாக விற்கிறது என்ற பேச்சு ஆபீஸ் வரை போனதும் கிராணி வந்து நின்றார்.

"இனிமே குலை கெடையாது. சாம்பல் போடாம மரம் காய்க்குமா?"

குப்பையாக இருந்தவரை அது நம்முடையது. விலை வந்ததும் அவர்களுடையதாகிவிட்டது. நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். நீங்களோ முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பேரம் பேசினீர்கள்.

"அண்ணே, காளான் எடுத்தப்புறம் மக்கிப்போன குலைய உங்களுக்கே திருப்பித் தாரோம். ஒரு வரிசைக்கு அதப் போடுங்க, பக்கத்து வரிசைக்குச் சாம்பல் போடுங்க. மரமே சொல்லட்டும்."

"மரம் பேசுமா?"

"உங்கள விட நியாயமாப் பேசும்லா."

அவரே சிரித்துவிட்டார். முடிவு தெரியும்வரை குலை தருவதாகச் சொன்னார்.

செம்பனை மெதுவாகத்தான் பதில் சொல்லும். அதற்குள் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

வரிசைகளைப் பார்க்கக் கிராணி என்னைத்தான் கூப்பிட்டார். இரண்டும் ஒரே மாதிரி காய்த்திருந்தன.

"பாத்தியா, ஒரு வித்தியாசமும் இல்ல. ஒங்க அக்கா தோத்துட்டாங்க."

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். அன்று திறந்தேன்.

"ரெண்டும் ஒண்ணுன்னா எரிச்சு என்ன லாபம், அண்ணே? எங்க வரிசைக்குப் போட்ட குலையில காளானும் கெடச்சிருக்கே."

எரிக்கவிருந்த குலைகளை லயத்துப் பக்கம் கொட்டச் சொல்லிவிட்டுப் போனார் அவர். லயத்துக்குக் குலை இன்னும் வருகிறது.

இப்போது நான் ஈப்போ பக்கம் லகாட்டில் ஒரு மர ஆலையில் வேலை செய்கிறேன். வெட்டிய பால்மரங்களெல்லாம் இங்கேதான் வருகின்றன. கொல்லையில் மரத்தூள் குன்றாகக் குவிந்திருக்கிறது. கொளுத்திவிடச் சொல்லி முதலாளி நெருப்புப்பெட்டியை நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், அக்கா. இந்தத் தூள் யாருக்கு வேண்டும் என்று விசாரித்துவிட்டு வந்துதான் அவரிடம் பேசப்போகிறேன்.