பத்தொன்பது நாள் மருந்தாளர்

கெலிஓயா
14.09.2014, ஞாயிறு

அன்புள்ள பொன்னுத்துரை அண்ணைக்கு,

ஆம், அந்த நிறக் காகிதங்களை ஒட்டியது நான்தான். விசாரணையில் கேட்டால் அப்படியே சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இரண்டு பக்கம் மழை பொய்த்தது பற்றி, குளம் வற்றியது பற்றி, டொக்டர் மாற்றலாகப் போவது பற்றி. கடைசி மூன்று வரியில் விசாரணை. “கண் மங்கல், அதாலை குளிசை மாறிப்போச்சுது எண்டு எழுதிக் குடுத்திட்டன் பிள்ளை. உங்கட பேரை இழுக்கேல்லை. காகிதம் ஆர் ஒட்டினது எண்டு கேட்டால் மட்டும் என்ன சொல்லுறது?”

உங்கள் கண்ணில் ஒரு மங்கலும் இல்லை. வாசலில் நுழையும் ஆளின் நடையை வைத்தே “இவர் பிரஷர் குளிசைக்காரர்” என்று எனக்குச் சொல்லித்தந்தவர் நீங்கள்.

நடந்ததை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். எனக்காக.

உங்கள் வன்னி ஆஸ்பத்திரியில் நான் வேலை செய்தது பத்தொன்பது நாள். மூன்று வருடத்துக்கு முன். பேராதனையில் படித்து முடித்த கையோடு கிடைத்த முதல் நியமனம். அங்கே மருந்தாளர் பதவி ஒன்றே ஒன்று. வந்த இரண்டாம் நாளே, பதவி அங்கேயே இருக்கக் கண்டியில் போய் வேலை செய்யத் தற்காலிக இணைப்புக் கேட்டு விண்ணப்பித்தேன். அப்பாவுக்குச் சிறுநீரக வருத்தம். அது அப்போது உண்மை. பதினான்காம் நாள் அனுமதி வந்தது. மிச்சம் ஐந்து நாளும் உட்கார்ந்து காகிதம் வெட்டினேன். சீனி வருத்தத்துக்குச் சிவப்பு. பிரஷருக்கு நீலம். இருமலுக்குப் பச்சை. நான் போனபின் குளிசை கொடுக்கவேண்டிய நீங்கள் கூட்டிப் பெருக்கவும் கதவு திறக்கவும் எடுக்கப்பட்ட சிற்றூழியர். டின்களில் இருக்கும் இங்கிலிஷ் பெயர்களை உங்களால் வாசிக்க முடியாது. டின் முடிந்தால் காகிதத்தை உரித்துப் புது டின்னில் ஒட்டுங்கள் என்றேன். “ஓம் பிள்ளை, இது சின்ன வேலை. நீங்கள் பயப்பிடாமல் போட்டு வாங்கோ” என்றீர்கள். பசை காய்வதற்குள் நான், கண்டிக்கு வரும் வழியில், வவுனியா பஸ்ஸில் இருந்தேன்.

உதவி செய்துவிட்டு வந்ததாகத்தான் நினைத்தேன். மனது லேசாக இருந்தது. அந்த லேசுக்காகத்தான் ஒட்டினேனோ என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று வருடம் ஒரு பிழையும் நடக்கவில்லை. அதுதான் ஆச்சரியம். யூலையில் ஒரே கம்பனியின் இரண்டு டின் ஒன்றாக வந்தது. ஒரே அளவு. உள்ளே ஒரே மாதிரிச் சின்ன வெள்ளைக் குளிசை. நீலக் காகிதம் சீனிக் குளிசை டின்னில் ஏறிவிட்டது. பிரஷருக்கு மருந்து எடுக்கும், சீனி வருத்தமே இல்லாத மூக்காயி அதை மூன்று நாள் விழுங்கிவிட்டு, கச்சான் கடலைத் தோட்டத்தில் சீனி இறங்கி மயங்கி விழுந்தார். பிழைத்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். “உங்கட மலைநாட்டு ஆக்கள்தான், எழுவத்தேழு கலவரத்தோடை இஞ்சை வந்தவை” என்றும். மடுல்கெல்லையில் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து அந்த வருடம் நான்கு குடும்பம் வன்னிக்குப் போனதாகச் சொல்வார்கள். அவர் அதில் ஒருவரா என்று அம்மாவிடம் கேட்டால் தெரியும். கேட்கவில்லை.

இங்கே எப்படி என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் மருந்தகத்தில் ஏழு பதவி, ஏழு கதிரை, பதினொரு பேர். நான்கு பேர் என்னைப்போல இணைப்பில் வந்தவர்கள். யாராவது தேநீர் குடிக்கப் போனால் மற்றவர் உட்காரலாம். என்னோடு வேலை செய்யும் ரபீகா, தெல்தெனியக்காரி, இதைச் சொல்லியே சிரிப்பாள். நேற்று உங்கள் விசயத்தை அவளிடம் சொல்லி, நான் அங்கே போகவேண்டுமோ என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, “என்னத்துக்கு புள்ள நீ போகோணும்? ஒன்ட பேரு அங்க ஈக்குதானே” என்றாள்.

ஆறுதலாகத்தான் சொன்னாள். அங்கே இருக்கும் அந்தப் பெயர்தான் பிழை என்று நேற்று இரவு முழுவதும் யோசித்தேன்.

விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் டொக்டர் மூன்று தரம் மருந்தாளர் கேட்டு எழுதியும் ஏன் ஒருவரும் வரவில்லை என்று உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அலுவலகத்தில் எங்கள் கோப்புகளைப் பார்க்கும் கிளார்க் சுந்தரலிங்கம் போன மாதம் எனக்கு ஒரு பிரதியைக் காட்டினார். உங்கள் டொக்டரின் கடிதத்துக்கு மேலிடத்துப் பதில். அந்த ஆஸ்பத்திரியின் ஆளணிப் பட்டியலில் மருந்தாளர் பதவி நிரப்பப்பட்டுள்ளது, மேலதிகமாக ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்க முடியாது. கீழே என் பெயரும் இலக்கமும். உங்கள் ஆஸ்பத்திரிக்கென்று அரசாங்கம் ஒதுக்கும் சம்பளத்தை நான் கண்டியில் வாங்குகிறேன். “காகிதத்துல பாத்தீங்கன்னா வடக்குல ஆள் கொறையே இல்ல மிஸ்” என்றார் சுந்தரலிங்கம். கிண்டல் இல்லை. அவர் கிண்டல் பண்ணத் தெரியாதவர்.

நான் விலகி நின்றிருந்தால் இன்னொருத்தி வந்திருப்பாள். நான் போகவும் இல்லை, விலகவும் இல்லை.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வருடாவருடம் இணைப்பைப் புதுப்பிக்க வேண்டும். சுந்தரலிங்கமே படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்து தருவார். காரணம்: தந்தையின் நோய். அப்பா போன வருடம் மாசியில் இறந்தார். புரட்டாசியில் அதே படிவம் வந்தது, அதே காரணத்தோடு. கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னபோது அவர் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “செத்தவரு கோவிச்சுக்க மாட்டாருடி. உசுரோட இருந்தப்பவே ஒனக்காக ஆயிரம் பொய் சொன்ன மனுசன்.” நானும் சிரித்தேன்.

இந்த வருடப் படிவம் என் கைப்பையில் இருக்கிறது. நாளை கடைசி நாள்.

அண்ணை, உங்கள் ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினாறு மாதம். குற்றம் உங்கள் மேல் விழுந்தால் அது போய்விடும். பயிற்சி இல்லாத ஒருவரிடம் மருந்தைக் கொடுத்துவிட்டுப் போனது யார் என்று அவர்கள் கேட்கவே இல்லை. பெயர்ப்பட்டியலில் நான் இருக்கிறேன் என்பதால் கேட்கத் தோன்றவில்லை. விசாரணை அதிகாரிக்கு நானே எழுதியிருக்கிறேன். பிரதி இதோடு இருக்கிறது, இங்கிலிஷில். வாசித்துக்காட்ட டொக்டரிடம் கொடுங்கள். நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தை மாற்றிக் கொடுங்கள். என்னைக் காப்பாற்றியது போதும். அதை நான் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. மூன்று வருடமாக எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்துவிட்டேன்.

அடுத்த கிளினிக் நாளில் ஒருவருக்கும் குளிசை அள்ளிக் கொடுக்காதீர்கள். டொக்டரே கொடுக்கட்டும், வரிசை நீளட்டும். மூக்காயியைக் கண்டால் சாப்பிடாமல் இருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்களும் நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்களுக்கும் வீட்டில் எல்லோருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கவேண்டும். என் மேல் கோபம் வந்தால் அதை வைத்திருங்கள், நேரில் சொல்லலாம்.

என்றும் உங்கள் அன்புள்ள,
அ. ஞானேஸ்வரி

திங்கள் மாலை. உறையை இன்னும் ஒட்டவில்லை. காலையில் படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். சுந்தரலிங்கம் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஒருக்கா போனீங்கன்னா திரும்பி வர அஞ்சு வருசம் ஆகும் மிஸ், நல்லா யோசிச்சீங்களா” என்று கேட்டார். யோசிக்கவில்லை என்றேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. கண்டி பஸ் நிலையத்தில் விசாரித்தேன். வவுனியா பஸ் காலை ஐந்தரைக்கு. வியாழக்கிழமைக்கு ஓர் இடம் பதிந்துவிட்டு வந்தேன்.