காலிக் குழல்

ஜூன் 8, ஞாயிறு

இன்று வீட்டில் இருந்தவர்கள்: பெரியவன், அவன் பெண்டாட்டி, சின்னவள், அவள் பெற்ற குட்டி, பக்கத்து வீட்டு நாத்தனார், நான். ஒருத்தர் பேசியதையும் மறக்க மாட்டேன்.

மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடித்தொட்டியிலிருந்தே குபுக்கென்று தீ. ஜன்னல் திரை கருகிப்போச்சு, என் புருவமும் போச்சு. பெரியவன் ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கினான். அமுக்கின கையோடு ஆரம்பித்தான்.

"எரியும்போதே எண்ணெய் ஊத்தினியாம்மா?"

நானா? அணைத்து, ஆறவிட்டு, தொட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுகிறவள் நான். இவர்கள் வருவதற்கு முன்பே ஊற்றி, மூடியைத் திருகியாச்சு. சொன்னேன். கேட்டால்தானே!

"அண்ணிக்கு இப்பல்லாம் கண்ணு சரியில்லப்பா" என்று எடுத்துக்கொடுத்தாள் நாத்தனார். மருமகள் வாயைத் திறக்கவில்லை. அதுவரைக்கும் புண்ணியம்.

முடிவே பண்ணிவிட்டார்கள். மாதக் கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு நான் சின்னவளோடு போய்விட வேண்டுமாம். என் வீடு! என்னைக் கேட்காமல்!

சின்னவள் மட்டும் பின்வாசலில் உட்கார்ந்து அடுப்புக் கரியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாவம், பயந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

ஜூன் 9

கண்ணு சரியில்லையாம். ஊசியில் நூல் கோக்க நாத்தனார் யாரிடம் வருகிறாள்?

ஜூன் 11, புதன்

பழைய இரும்புக்குப் போட என்று அடுப்பைப் பின்வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் பெரியவன். தூக்கி வந்து, ஓட்டை போட்ட தகர உருளைகளைக் கழற்றினேன்.

பத்துக் குழல், ஒன்பது திரி. பின்பக்கத்துக் குழல் காலி! திரி இல்லாத குழல் வழியாகத் தீ நேரே தொட்டிக்குள் இறங்காமல் என்ன செய்யும்? போன வாரம்தான் எல்லாம் புதுத்திரி போட்டு ஒரே உயரமாகக் கத்தரித்தேன். முன்னால் இரண்டு திரியில் குச்சியைக் காட்டினால் மற்றது தானாகப் பிடித்துக்கொள்ளும். பின்னால் யார் எட்டிப் பார்ப்பார்கள்?

திரிக்கென்ன, கால் முளைத்து நடந்தா போச்சு?

ஜூன் 12

சொல்லாமல் என் சமையலறைக்குள் புழங்குகிறவள் ஒருத்திதான். நாத்தனார் வீட்டுக்கே போய்விட்டேன். அவள் அடுப்பில் கருகின திரிகளுக்கு நடுவில் ஒன்று மட்டும் வெள்ளை வெளேரென்று.

"ஒரு திரிதானே அண்ணி! உங்ககிட்ட பத்து இருக்கு, ஒண்ணு போனா என்னன்னு சனிக்கிழமை எடுத்துட்டேன்."

"ஒண்ணு போனா நானே போயிருப்பேன்டி!"

அழுதாள். மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்: "சின்னவகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேனே. கரி துடைக்கிறப்ப அவதான் பார்த்துட்டு, ஒரு திரி எங்க அத்தைன்னா. நான்தான் எடுத்தேன்னேன். அதுக்கு அவ, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, இதைச் சாக்கா வச்சாவது என்கூட வந்துடட்டும்னா."

எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

பெரியவனுக்குக் காலிக் குழலைக் காட்டினேன். குனிந்தவன் நிமிரவே இல்லை. "தெரியாம பேசிட்டேம்மா. நீ இங்கயே இரு."

"அன்னைக்கே அடுப்பைப் பார்த்துட்டுப் பேசியிருக்கலாம்ல?" என்றாள் மருமகள். அவனைத்தான்.

சின்னவள் போனில் அழுகிறாள். "பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லம்மா. கூப்பிட்டா நீ வர மாட்டே."

கூப்பிட்டாளா? ஒரு தடவையாவது கூப்பிட்டுப் பார்த்தாளா? குட்டிக்காக அன்றைக்கே ஓடியிருப்பேனே!

ஜூன் 22, ஞாயிறு

புதுத்திரி போட்டு, நன்றாக எண்ணெயில் ஊறவிட்டுப் பற்றவைத்தேன். நீலமாக, புகையில்லாமல் எரிகிறது. நாத்தனார் வந்து திரிகளை எண்ணிவிட்டுத்தான் தேநீர் குடித்தாள். திருட்டுக் கழுதை. கேட்டதும் ஒத்துக்கொண்டாளே, போகட்டும். பெரியவன் அவசரக்குடுக்கை. அவனும் போகட்டும்.

குட்டியை ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவந்து விடச் சொல்லியிருக்கிறேன். விடுகிறவள் வாசலோடு திரும்பிவிட வேண்டும். நான் பெற்றவள், இந்த அடுப்புக்குத் திரி போடக் கற்றுக்கொண்டதே என்னிடம்தான். பெற்ற தாயைக் குருடி என்று நாலு பேர் சொல்ல, உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தாளே. யாரை மன்னித்தாலும் அவளை மன்னிக்க மாட்டேன் — சின்னவளை.