முருகண்ணனின் போஸ்டர்

கர்க்கடக மாதம், செவ்வாய் இரவு.

நேற்று ஜோசப் சேட்டனின் பிரஸ்ஸில் பழைய கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி மாற்றினேன். நன்றாகவே ஓடியது. இன்னும் வேகம் வரட்டுமென்று பயாஸில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலரைப் புதிய முறைக்கு மாற்றினேன். அதற்கான டிரைவரை விண்டோஸில் போடவில்லை; அது இல்லாவிட்டால் விண்டோஸ் திறக்காது. ஆன் செய்து பார்க்காமலே கிளம்பிவிட்டேன்.

இன்று காலை மூட்டை தூக்கும் முருகண்ணன் இறந்துபோனார். இங்கே சுவரில் ஒட்டும் போஸ்டரைப் பார்த்துத்தான் பலருக்குச் சாவு தெரியும். சேட்டன் போஸ்டர் அடிக்க உட்கார்ந்தால் வெறும் நீலத்திரை. ஏலூரில் வேலையிலிருந்த நான் வந்துசேர மதியம் தாண்டிவிட்டது. பழைய முறைக்குத் திருப்ப ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"சாரமில்ல மோளே" என்றார் சேட்டன். பரவாயில்லை மகளே என்கிறார்; திட்டியிருக்கலாம்.

போஸ்டர் கைக்கு வந்தபோது உடலை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் படகு ஜெட்டிச் சுவரில் ஒட்டினேன். படகிலிருந்து இறங்கிய பெரியவர் ஒருவர் அதைப் படித்தார்.

"முருகனை எடுத்தாச்சா?"

தலையாட்டினேன். அவர் தோள்துண்டை எடுத்து, போஸ்டரில் முருகண்ணனின் முகத்தில் வழிந்த பசையைத் துடைத்தார்.