மற்றவை என்ற கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று எங்கள் ஸ்பீக்கர் பட்டறைக்குத் திரும்பி வந்த பெட்டிகள் முப்பத்தொன்று. ஒன்றில் ஸ்பீக்கருக்குப் பதில் ஒற்றைக் காலுறை இருந்தது. நல்ல காலுறை.

பெட்டியோடு வரும் தாளில் நான்கு கட்டங்கள்: சத்தம் வரவில்லை, சார்ஜ் ஏறவில்லை, உடைந்துவிட்டது, மற்றவை. பாதிப் பேருக்கு மேல் ‘மற்றவை’யில்தான் டிக் போடுகிறார்கள். அந்த மற்றவை என்னவென்று எழுத அங்கே இடமே கிடையாது. அதனால் நானே திறந்து பார்த்து என் நோட்டில் எழுதிவைக்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு அது. முதல் பதினெட்டுப் பக்கம் அல்ஜீப்ரா. அதோடு அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய், நான் பள்ளியை விட்டேன். பத்தொன்பதாம் பக்கத்திலிருந்து ஸ்பீக்கர். அப்பா இப்போது நன்றாக நடக்கிறார். நான்தான் திரும்பிப் போகவில்லை. என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சம்.

இன்று எழுதியது: “எண் 1,204. குழந்தை வால்யூம் குமிழைக் கடித்திருக்கிறது. பல் இரண்டுதான்.”

சரிசெய்து அனுப்பும்போது என்ன கோளாறு, என்ன செய்தோம் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வைப்பேன். ஃபோன் செய்து சொல்லலாம் என்பார் பக்கத்து மேசைப் புகை அண்ணன். என்னால் அது ஆகாது.

மார்ச் 6, வெள்ளி

அக்கா வேலை செய்கிற கடையில் எங்கள் ஸ்பீக்கரும் விற்கிறது. இன்று மதியம் ஒரு பெட்டியோடு பட்டறைக்கே வந்துவிட்டாள். “உங்க ஸ்பீக்கருக்குத் தங்கச்சி பொறந்திருக்கா, வந்து பாரு” என்றாள். பெரிய கம்பெனி ஒன்று அச்சு அசலாக எங்களுடையது போலவே செய்து பாதி விலைக்கு இறக்கியிருக்கிறது.

புகை அண்ணன்தான் அதைத் திறந்தார். (நாள் முழுக்கச் சால்டரிங் புகைக்குள் உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர்.) முதலில் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் கட்டைவிரல் அளவுக்குப் பள்ளம். எங்கள் ஸ்பீக்கரிலும் உண்டு, அச்சு செய்தவர் செய்த பிசகு. மாற்ற நேரமில்லாமல் அப்படியே விட்டுவிட்டோம். அவர்கள் அதையும் அளந்து எடுத்திருக்கிறார்கள். அண்ணன் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நம்ம தப்பக்கூட விட்டுவைக்கல பாரும்மா.”

ஆனால் குமிழுக்குப் பின்னால் ரப்பர் வளையம் இல்லை. அது எங்களுடையதில் உண்டு. ஈரக்கையால் திருகித் திருகித் தண்ணீர் உள்ளே போய் அறுபத்து மூன்று ஸ்பீக்கர்கள் திரும்பி வந்தன. நான் எண்ணிச் சொன்ன பிறகு அண்ணன் அதைச் சேர்த்தார். வெளியே தெரியாது. அதனால்தான் அவர்களுக்கும் தெரியவில்லை போல.

மார்ச் 9, திங்கள்

முதலாளி மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். அவர்கள் விலைக்குப் பக்கத்திலாவது நாம் போகாவிட்டால் கடைகள் நம்மை எடுக்காதாம். மாதக் கடைசியில் இரண்டு மாற்றம். ஒன்று, ரப்பர் வளையம் கிடையாது. இரண்டு, திரும்பி வரும் பெட்டிகளை இனித் திறக்கப் போவதில்லை. கேட்டவருக்குப் புதுசு கொடுத்துவிட்டுப் பழையதை நொறுக்கப் போட்டுவிடுவது. அப்படியென்றால் மூலையில் இருக்கிற மேசை வேண்டாம். அது என் மேசை.

டிசைனர் சார், “உள்ள இருக்கறத யாரு பாக்கப் போறாங்க?” என்றார்.

எனக்குத் தெரியும். அறுபத்து மூன்று. தொண்டை வரை வந்தது. மேடம் “யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” என்று கேட்டபோது நான் தரையில் கிடந்த பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேக்கிங்கில் உனக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றார். தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன்?

மார்ச் 10, செவ்வாய்

அறுபத்து மூணுன்னு சொல்ல ரெண்டு விநாடி ஆகியிருக்குமா? ச்சே.

மார்ச் 12, வியாழன்

அக்காவிடம் சொன்னேன். “பேச வரலன்னா அந்த நோட்டக் கொண்டுபோய் அவங்க மேசைல வச்சிட்டு ஓடிடு. ஓடறதுதான் உனக்கு நல்லா வருமே” என்றாள். கிண்டல்தான். ஆனால் நல்ல யோசனை. நாளை மாலை, மேடம் கிளம்புவதற்கு முன்னால்.

மார்ச் 13, வெள்ளி

நோட்டைக் காணவில்லை.

மேசை, அலமாரி, குப்பைக்கூடை, எல்லாம் கொட்டிப் பார்த்தாயிற்று. மேசையில், பெட்டிக்குள் வைக்கிற செய்முறைப் புத்தகம் ஒன்று மட்டும் மிச்சமாகக் கிடந்தது. அப்போதுதான் உறைத்தது. அதுவும் என் நோட்டும் ஒரே அளவு. காலையில் ஒன்பது பெட்டி கட்டினேன். ஏதோ ஒன்றில் புத்தகத்துக்குப் பதில் நோட்டைப் போட்டிருக்கிறேன். கூரியர் பத்து மணிக்கே எடுத்துப் போய்விட்டது.

புகை அண்ணன், “அந்தப் பெரிய கம்பெனிக்காரங்க கையில கெடச்சா கோயில் கட்டிக் கும்பிடுவாங்க” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். “சரி விடு. ஒம்போது பேருதானே? பெட்டி போய்ச் சேந்ததும் ஃபோன் பண்ணு.”

ஒன்பது பேருதானேவாம்!

இன்னொன்றும் இருக்கிறது. நோட்டில், “டிசைனர் சார் வாழ்க்கையில் ஒருநாளும் ஈரக்கையோடு பாட்டுக் கேட்டதில்லை போலிருக்கிறது” என்று எழுதியிருக்கிறேன். கோடு வேறு போட்டிருக்கிறேன்.

மார்ச் 16, திங்கள்

முதல் ஆள் ஹலோ சொன்னதும் வைத்துவிட்டேன். இரண்டாமவரிடம், நானே அடித்துவிட்டு, ராங் நம்பர் என்று சொல்லி வைத்தேன். புகை அண்ணன் பக்கத்தில் நின்று ஏதோ திருகாணியைத் தேடுவதுபோல் தேடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது, விடுதியில் சமையல் செய்கிறவர். கம்பெனி பெயரைச் சொன்னதுமே, “‘இனி ஈரக்கையால் திருகலாம்’னு சீட்டு வச்சது நீதானாம்மா?” என்று கேட்டார். அதை அடுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறாராம். எனக்குப் பேச்சு வந்துவிட்டது, எப்படியென்று தெரியவில்லை. பிறகு முதல் இரண்டு பேருக்கும்கூடத் திரும்ப அடித்தேன்.

ஏழாவது ஒரு தையல்காரம்மா. “கணக்கு நோட்டா? எங்கிட்டதான் இருக்கு. அம்பத்திரெண்டாம் பக்கத்துல நிக்கறேன், முடிச்சிட்டு அனுப்பறேன்.” அவசரம் என்றேன். “இரும்மா. அந்த ரெண்டு பல்லுக் குழந்தை விஷயம் என்னாச்சு, அதச் சொல்லு முதல்ல.” சொன்னேன். பதினோரு நிமிடம் பேசியிருக்கிறேன். நான்.

மார்ச் 20, வெள்ளி

நோட்டு வந்தது, என்னிடம் அல்ல. தையல்காரம்மா உறையின்மேல் ‘முதலாளிக்கு’ என்று எழுதிவிட்டார்.

காலையிலிருந்து மேடம் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். பிறகு டிசைனர் சாரைக் கூப்பிட்டார்கள். நாலு மணிக்கு என்னையும் கூப்பிட்டார்கள்.

நோட்டில் அங்கங்கே பென்சில் எழுத்து. எண் 988-இல், “மகன் கீழே போட்டதாகத் தாளில் இருக்கிறது” என்ற என் வரிக்குப் பக்கத்தில், “பொய். நான்தான் போட்டேன். மன்னிக்கவும்” என்று தையல்காரம்மா எழுதியிருந்தார்.

மேடம் நிமிர்ந்து பார்த்தார். “தண்ணி போனது அறுபத்து மூணா?”

“ஆமா மேடம். வளையம் போட்டப்புறம் ரெண்டு.”

சொல்லிவிட்டேன். குரல் கொஞ்சம் கீச்சென்று இருந்தது, பரவாயில்லை.

மேடம் அந்தப் பெரிய கம்பெனி ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பள்ளத்தைத் தொட்டுப் பார்த்தார். “பள்ளத்தக்கூட எடுத்தவங்க வளையத்த எடுக்கல. எடுக்கவும் முடியாது. திரும்பி வர்ற பெட்டிய அவங்க தெறக்கறதே இல்லையே. நானும் தெறக்கறத நிறுத்தப் பாத்தேன்” என்றார்.

டிசைனர் சார் எழுந்து போனார். போச்சு என்று நினைத்தேன். கை கழுவும் தொட்டியில் கையை நனைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவர்களுடைய குமிழைத் திருகினார், வழுக்கியது, ஓரத்தில் தண்ணீர் இறங்கியது. எங்களுடையதைத் திருகினார். இன்னொரு முறை திருகினார்.

“கோடு போட்ட எடம் சரிதான்” என்றார் என்னிடம்.

மார்ச் 31, செவ்வாய்

மேசை அதே மூலையில். வளையமும் இருக்கிறது, விலையும் அப்படியே. புதுத் தாள் அச்சாகி வந்தது. ‘மற்றவை’க்குக் கீழே எழுத ஆறு வரி இடம்.

ஏப்ரல் 17, வெள்ளி

அக்கா கடையில் இந்த வாரம் அவர்களுடையது எட்டு போனது, எங்களுடையது ஐந்து. “எட்டுல மூணு திரும்பி வந்திடுச்சு. கொண்டாந்தவங்க உங்களோடத எடுத்துட்டுப் போனாங்க” என்றாள். தானே செய்து விற்றதுபோல் பெருமை அவளுக்கு.

மே 22, வெள்ளி

இன்று பெட்டி இருபத்திரண்டு. பத்தொன்பதாவதைத் திறந்தால் எங்கள் ஸ்பீக்கர் இல்லை, அந்தப் பெரிய கம்பெனியுடையது. தண்ணீர் போய்க் குமிழ் இறுகியிருந்தது. ஒரு துண்டுத்தாள்: “இது உங்களுடையது இல்லை என்று தெரியும். வாங்கிய இடத்தில் பேச ஆளில்லை. நீங்கள் திறந்து பார்ப்பீர்களாமே.”

மேடத்திடம் கேட்டேன். சரிசெய்து கொடு, அடுத்து எதை வாங்குவது என்று அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும் என்றார். புகை அண்ணன் உள்ளே துடைத்துவிட்டு எங்கள் வளையம் ஒன்றை எடுத்துப் போட்டார். கச்சிதமாக உட்கார்ந்தது. உட்காராமல் எங்கே போகும்?

நோட்டில், “எண் 2,391. பக்கத்து வீட்டுப் பிள்ளை” என்று எழுதினேன்.

சீட்டு வைக்கவில்லை. ஃபோன் செய்தேன். ஹலோ என்றார்கள். நானும் ஹலோ என்றேன்.